கோயில்காட்டுச் சருகில் உயிர் இல்லையா? – கடிதம்

அன்புள்ள சார்,

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வயல் வரப்பு, தைலமரக் காடு, கோயில்காடு மூன்றிலும் பிளாஸ்டிக் டம்ளர்களை மண்மட்டத்துக்குப் புதைத்தோம். மறுநாள் வரப்பு டம்ளர்களில் எறும்பு, வண்டு, சிலந்தி என்று நிறைய. கோயில்காட்டில் நாலைந்து எறும்புகள்தான். வரப்பு மண்ணில்தான் உயிர் அதிகம் என்று பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். ஏற்கலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

ஏற்காதீர்கள். புதைத்த டம்ளர் நடமாட்டத்தைத்தான் காட்டும். வரப்பு வெட்டவெளி, வண்டும் சிலந்தியும் தடையில்லாமல் ஓடி வந்து விழும். கோயில்காட்டிலோ சருகு தடுக்கும். அதற்குள் வாழ்பவற்றில் பல, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. டம்ளர் வரை நடந்துவர அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை.

அவற்றைப் பார்க்க இத்தாலியரான பெர்லேஸி 1905-இல் ஒரு புனல் செய்தார். வெந்நீரால் சூடேற்றுவது அது. பிறகு ஸ்வீடனின் டுல்கிரென் வெந்நீருக்குப் பதில் பல்பை வைத்தார். உங்களுக்குத் தண்ணீர் பாட்டிலே போதும். அடியை அறுத்துவிட்டுக் கவிழ்த்து, உள்ளே கம்பிவலை வைத்து, அதன்மேல் சருகைப் பரப்புங்கள். மேலே சின்ன குண்டு பல்பு. எல்.இ.டி. சூடு தராது, பெரிய பல்போ அவை இறங்கும் முன்பே காயவைத்துக் கொன்றுவிடும். சருகு மேலிருந்து மெல்லக் காயக் காய, உள்ளிருக்கும் உயிர்கள் ஈரம் தேடிக் கீழே இறங்கி பாட்டிலின் வாய்வழியே விழும். மூன்று நாலு நாள் விடுங்கள். கீழே ஆல்கஹால் வேண்டாம், ஈரப்பஞ்சு வைத்த டப்பா போதும், பிள்ளைகள் உயிரோடு பார்க்கட்டும்.

லென்ஸில் முதலில் தெரிவது அநேகமாக ஸ்பிரிங்டெயிலாக இருக்கும். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் கவையைத் தரையில் அடித்துச் சட்டென்று எம்பும். அப்புறம் மைட்டுகள் என்னும் உண்ணி போன்ற சிற்றுயிர்கள், பளபளவென்று உருண்டையாகச் சில. அதிர்ஷ்டம் இருந்தால் போலித்தேள்: தேள் போலவே இடுக்கி உண்டு, வாலும் கொடுக்கும் கிடையாது. அதைப் பார்த்த பிள்ளை அடுத்த சருகைக் கிளறாமல் போகவே போகாது! தனி டப்பாவில் விடுங்கள், ஸ்பிரிங்டெயில்களைத் தின்றுவிடும்.

ஒப்பிடுவதென்றால் மூன்று இடத்திலும் ஒரே நாளில், தரையில் வைத்த ஒரே அளவு சட்டத்துக்குள் இருக்கும் சருகையும் மேல்மண்ணையும் சேர்த்தே எடுங்கள். வரப்பில் சருகு இல்லையென்றால் மண் மட்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் பல உயிர்கள் ஆழத்துக்குப் போய்விடும், ஐப்பசி மழை விட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தைல இலை சீக்கிரம் மட்காது, அங்கே என்ன கிடைக்கிறது என்று அறிய எனக்கும் ஆவல்.

கோயில்காட்டில் ஊராரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். பார்த்து முடித்ததும் சருகையும் உயிர்களையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.