தாத்தா வாட்ச்சும் ரேடியம் ஸ்டிக்கரும்

மதுரையில் வாட்ச் பழுது பார்ப்பவன் நான். இருட்டில் ஒளிரும் வாட்ச் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்.

திருமங்கலம்: அண்ணே, வெயிலில் காட்டாமலே என் வாட்ச் விடிய விடிய ஒளிர்கிறதே, எப்படி?

முள்ளிலும் எண்களிலும் பொடிக் கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். உள்ளே டிரிடியம் வாயு (கதிர்வீசும் ஹைட்ரஜன்), உட்சுவரில் பாஸ்பர் பூச்சு. டிரிடியம் சிதையும்போது கிளம்பும் எலக்ட்ரான் பூச்சில் மோதும், பூச்சு ஒளிரும். பழைய டியூப் டிவியில் படம் தெரிந்ததும் இப்படித்தான். ஆனால் டிரிடியம் 12.3 ஆண்டில் பாதியாகிவிடும். வாங்கியபோது இருந்த பளபளப்பை இருபது வருடம் கழித்துத் தேடாதீர்கள்.

மேலூர்: கேன்சர் வருமா?

அந்த எலக்ட்ரான் காற்றிலேயே சுமார் 6 மில்லிமீட்டர்தான் போகும். கண்ணாடியைத் தாண்டாது. குழாய் உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள், கையைக் கழுவுங்கள்.

ஆரப்பாளையம்: குழந்தை தொட்டால்?

மேலூருக்குச் சொன்னதுதான்.

உசிலம்பட்டி: தாத்தாவின் வாட்ச்சில் எண்கள் பழுப்பேறிவிட்டன, ஒளிர்வதில்லை. ரேடியம் செத்துப்போச்சு. சுரண்டிவிட்டுப் புதுப் பெயிண்ட் அடிக்கலாமா?

முதலில் கத்தியைக் கீழே வையுங்கள். செத்தது ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்பைடு, ஒளிர்ந்தது அதுதான். கதிர்வீசும் ரேடியம் பாதியாக 1600 ஆண்டு ஆகும், அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சுரண்டினால் தூள் மூச்சில் போகும். அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி டயலுக்கு இந்தப் பெயிண்ட் அடித்த பெண்களுக்கு 1920களில் தாடை எலும்பே அரித்துப்போனது. பலர் செத்தார்கள். மூடியைத் திறக்காமல் வையுங்கள்.

சிம்மக்கல்: அய்யோ, என் பைக்கில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேனே!

தம்பி, அதில் ரேடியமே கிடையாது. பட்ட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தாள், அவ்வளவுதான்.

மறுபடி சிம்மக்கல்: கடைப் பலகையிலேயே 'ரேடியம் கட்டிங்' என்று எழுதியிருக்கிறார்களே?

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் வள்ளியா இருக்கிறாள்?

தெப்பக்குளம்: அவர் கேட்டது நியாயம்தானே? என் மகன் அறையில் ஒட்டிய நட்சத்திரம் விளக்கை அணைத்த பிறகும் மின்னுதே. திருப்பி அனுப்ப அங்கே ஏது வெளிச்சம்?

சரி, இது வேறு சரக்கு. பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். விளக்கு எரியும்போது வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கக்கும், விடிவதற்குள் மங்கும். கதிர்வீச்சு இல்லை. இன்றைய ஒளிரும் வாட்ச்களில் பெரும்பாலும் இதுதான். தாத்தா வாட்ச் பெயிண்ட், பைக் ஸ்டிக்கர், இந்த நட்சத்திரம் மூன்றையும் ரேடியம் என்றே கூப்பிட்டுப் பழகியதால் வந்த வம்பு இது.

சோழவந்தான்: குழந்தை தொட்டால்...

மேலூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மறுபடி உசிலம்பட்டி: ஒரே ஒரு எண்ணை மட்டும் லேசாகச் சுரண்டிப் பார்க்கட்டுமா?

கூடாது. கத்தி இன்னும் கையில்தான் இருக்கிறதா?