பனியாற்று மாதிரியில் பனி தானாகக் கூடுவது ஏன்?

பாலக்காட்டுச் சித்தூர் தம்பிக்கு வணக்கம். உங்க கணினி மாதிரியில் பனிப்பொழிவு, உருகல் இரண்டையும் ஜீரோவாக வைத்தும் இமாசலப் பிரதேசத்துச் சோட்டா சிக்ரி பனியாற்றின் மொத்தக் கனஅளவு ஏறிக்கொண்டே போகிறது என்று கேட்டிருந்தீங்க.

மாதிரி பனியாற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். கோளாறு, நிரலில் "தடிமன் மைனஸ் ஆனால் ஜீரோ ஆக்கு" என்ற அந்த ஒரு வரியில்தான். செங்குத்துப் பாறையில் மேல் கட்டத்தில் 5 மீட்டர் பனி, கீழ்க் கட்டத்தில் 100 மீட்டர் என்று வைங்க. இடையில் சராசரி எடுத்தால் 52.5. பாய்வு (கட்டத்திலிருந்து கட்டத்துக்கு நகரும் பனி) தடிமனின் 5-ஆம் அடுக்கில் ஏறும்; அதனால் 5 மீட்டர் மட்டுமே உள்ள மேல் கட்டத்திலிருந்து, இருப்பதைவிட அதிகப் பனியைக் கணக்கு வெளியே எடுத்துடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மேல் கட்டம் மைனஸுக்குப் போகுது; அதை ஜீரோ ஆக்கினதும் இல்லாத பனி முளைக்குது. யாரோஷ், ஷூஃப், ஆன்ஸ்லோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2013-இல் இதைத்தான் காட்டினாங்க. அவங்க தந்த தீர்வு மஸ்கல் (MUSCL) முறை, அதாவது கட்ட எல்லையில் உள்ள தடிமனை இன்னும் கவனமாகக் கணிக்கும் முறை; அந்தக் கணிப்பு எல்லை மீறாமல் தடுக்கும் சூப்பர்பீ (superbee) வரம்பியோடு.

கால அடியை (ஒவ்வொரு கணக்குக்கும் இடையே உள்ள நேரத்தை) சின்னதாக்கி மட்டும் இது தீராது. கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து ஒரு மாசம் அதைத்தான் செஞ்சு பார்த்தேன், அதனால சொல்றேன். முதல்ல சராசரியை விட்டுட்டு, பனி வரும் பக்கத்துத் தடிமனையே பாய்வுக்கு எடுங்க. அப்புறம் பாறைக்கு மேலும் கீழும் உள்ள 2 கட்டங்களின் தடிமனை ஒவ்வொரு அடியிலும் அச்சிட்டு இங்கே போடுங்க, பார்த்துடலாம்.