இரு வீட்டுக்கு ஒரு வேலி: செலவு யாருடையது?

கேள்வி: எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையிலுள்ள பழைய மரவேலியின் ஒரு பகுதி பலத்த காற்றில் சாய்ந்துவிட்டது. வேலிக்கால்கள் எங்கள் பக்கம் தெரிவதால் வேலி எங்களுடையது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அதே சமயம், அதை அகற்றிவிட்டு ஆளுயரச் செங்கல் சுவர் எழுப்ப வேண்டும், பாதிச் செலவை நாங்கள் தர வேண்டும் என்றும் கேட்கிறார். வேலியைச் செப்பனிட்டாலே எங்களுக்குப் போதும். மறுத்தால் உறவு கெடுமோ என்று தயங்குகிறோம்.

பதில்: அவர் சொல்லும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேலி முழுக்க உங்களுடையது என்றால் அதை அகற்றச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. பொதுவானது என்றால் உங்கள் சம்மதமின்றி மாற்ற முடியாது. வேலி போடுபவர் பலகையை எல்லையில் நிறுத்தி, கால்களைத் தம் பக்கம் வைத்துக்கொள்வது பலரது பழக்கம் என்பதால், கால்களைப் பார்த்து உரிமையைச் சொல்லும் எண்ணம் பரவியிருக்கிறது. அது ஓர் அடையாளமாகலாமே தவிர, சான்றாகாது. சான்றைப் பத்திரத்திலும் அதனுடன் இணைந்த வரைபடத்திலும்தான் தேட வேண்டும். இங்கிலாந்தில் சில பத்திர வரைபடங்களில் ‘T’ என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற குறி எந்த நிலத்துக்குள் இருக்கிறதோ, பெரும்பாலும் அந்த நிலத்தாரே வேலிக்குப் பொறுப்பு. இருபுறமும் இருந்தால் பொறுப்பும் பொது. பத்திரம் எதுவும் சொல்லாமல், எல்லைக்கோட்டிலும் ஐயமிருந்தால், புதிய கால் நடுவதற்கு முன்பே இருவரும் சேர்ந்து நில அளவையரை அழையுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். இடம் தவறி நின்ற வேலி, ஆண்டுகள் கடந்தபின் அதுவே எல்லை என்று வழக்காடுவதற்கு இடம் கொடுத்துவிடும்.

செலவைப் பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, போதுமான வேலிக்கு ஆகும் செலவை இரு நிலத்தாரும் சமமாக ஏற்க வேண்டும். ஒருவர் அதைவிட உயர்ந்த தரத்தை விரும்பினால் கூடுதல் தொகை அவரைச் சேர்ந்தது. கலிபோர்னியாவில் 2014 முதல் நடப்பிலுள்ள சட்டமும், பொது வேலியால் இருவருக்கும் சமமான பயன் என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகிறது. உங்கள் ஊரில் விதி எதுவாயினும், ‘போதுமான வேலி’ என்ற அளவுகோல் நியாயமானது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். ஆகவே வேலியைச் செப்பனிட ஒன்றும் சுவர் எழுப்ப ஒன்றுமாக இரண்டு மதிப்பீடுகள் வாங்குங்கள். முதல் தொகையில் பாதியை மனமுவந்து கொடுங்கள். மிகுதியை அவர் ஏற்கட்டும். செங்கல் சுவருக்கு அகலமான அடித்தளம் தேவை என்பதால், அது யார் நிலத்தில் இறங்கும் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். முழுச் சுவரையும் அவர் தம் நிலத்துக்குள்ளேயே, உரிய அனுமதியுடன் கட்டிக்கொள்வதானால், பெரும்பாலும் உங்கள் பங்கு என்ற பேச்சே எழாது.

இவற்றை முதலில் நேரில் பேசுங்கள். பேசி முடித்ததை, எல்லைக்கோடு, வேலியின் உயரம், பொருள், மொத்தத் தொகை, அவரவர் பங்கு, பிற்காலப் பராமரிப்பு ஆகியவற்றுடன் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். எழுதிக் கேட்பதை அவநம்பிக்கை என்று தயங்க வேண்டாம். நியூசிலாந்தின் 1978ஆம் ஆண்டு வேலிச் சட்டம் எழுத்து மூலமான அறிவிப்பையே முதற்படியாக வைத்து, மறுப்புத் தெரிவிக்க 21 நாள் அவகாசமும் தருகிறது. உறவைக் கெடுப்பது பெரும்பாலும் மறுப்பு அன்று. வேலை முடிந்த பிறகு திடீரென நீட்டப்படும் ரசீதுதான்.

கேள்வி: பக்கத்து வீட்டு மரத்தின் வேர் தள்ளியதால் பொது வேலி சாய்ந்துள்ளது. அதற்கும் பாதி தர வேண்டுமா?

பதில்: இயல்பாகப் பழுதடைவது வேறு, ஒருவரது கவனக்குறைவால் பழுதாவது வேறு. வேர் நெருக்குவதைத் தெரிவித்த பிறகும் அவர் வாளாவிருந்தால், செலவை அவர் ஏற்க வேண்டும் என்று கேட்பதற்கு வலுவான அடிப்படை உண்டு. எனவே தேதியுடன் படமெடுத்து, உடனே எழுத்தில் தெரிவியுங்கள். வேரை நீங்களாக வெட்டிவிட வேண்டாம். மரம் சரிந்து சேதம் நேர்ந்தால் பொறுப்பு உங்கள் மீது திரும்பக்கூடும்.