முதலில் நீ உட்கார்ந்து சாப்பிடு

வாசகி கேள்வி:

அம்மா, என் மகனுக்கு 2 வயது 2 மாதம். எடை 11 கிலோ. தயிர்சாதம், பிஸ்கட், பால் இந்த மூன்றைத் தவிர எதையும் வாயில் வாங்க மாட்டேன் என்கிறான். பருப்புச் சாதம் கொடுத்தால் நாக்கால் தள்ளிவிடுகிறான். முட்டையைக் கண்டாலே ஓடுகிறான். பாலாவது குடிக்கட்டும் என்று காலையில், 11 மணிக்கு, சாயங்காலம், படுக்கும்போது என நான்கு டம்ளர் கொடுக்கிறேன். நடு ராத்திரி ஒரு பாட்டில். மாமியார் செல்போனைக் காட்டி ஊட்டுகிறார், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார். ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. அவன் வைக்கும் மிச்சத்தை அடுப்படியில் நின்றபடியே வழித்துப் போட்டுக்கொள்வேன், எனக்கு அதுவே போதும். கணவருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை, வந்ததும் டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். புரதம் குறைந்தால் மூளை வளராது, புரதப் பவுடர் வாங்கிக் கொடு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். டப்பா 900 ரூபாய். வாங்கலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்:

அன்பு மகளே,

வாங்காதே. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் வேறு ஒன்று பேச வேண்டும்.

கடிதம் முழுக்க மகனைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி. மிச்சத்தை அடுப்படியில் நின்றபடியே வழித்துப் போட்டுக்கொள்வேன், எனக்கு அதுவே போதும் என்கிறாய். நீ போகிற போக்கில் எழுதிவிட்டாய், எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். இந்த 26 மாதத்தில் நீ ஒரு தட்டைப் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து, சோறு பிசைந்து சாப்பிட்டதை உன் மகன் எத்தனை முறை பார்த்திருப்பான்?

அப்பா சாப்பிடும்போது அவர் கண் டிவியில் இருக்கிறது. பாட்டி எப்போது சாப்பிடுகிறார் என்று நீ எழுதவே இல்லை. அவரும் உன்னைப் போல எல்லோருக்கும் பிறகுதான் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு என்றால் என்னவென்று தெரியும்? பெரியவர்கள் தன்னை மடியில் மடக்கி வைத்து, கையில் எதையோ உருட்டி, வாய்க்கு நேரே நீட்டுவார்கள். அதை அவர்கள் யாரும் சாப்பிட்டு அவன் பார்த்ததில்லை. பருப்பு நல்லது, முட்டை நல்லது என்று நீ வாயால் சொல்வது அந்த வயதுக்கு ஏறாது. அவன் உன் வாயைத்தான் பார்ப்பான், அது மென்றுகொண்டிருக்கிறதா என்று.

புதிய சாப்பாட்டைக் கண்டு ஒதுங்குவது 2 வயதிலிருந்து 6 வயது வரை பெரும்பாலான பிள்ளைகளிடம் கூடுதலாக இருக்கும். எது தின்னலாம், எது கூடாது என்பதைக் கூட இருப்பவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். 1975இல் அமெரிக்காவில் ஹார்ப்பர், சாண்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பெரியவர் புதுப் பண்டத்தைச் சும்மா நீட்டியபோது வாயில் வைத்த குழந்தைகளைவிட, அவரும் கூடவே சாப்பிட்டபோது வாயில் வைத்த குழந்தைகள் அதிகம். அங்கன்வாடியில் போய்ப் பார். வீட்டில் முட்டையைத் தொடாத பிள்ளை, பக்கத்தில் இருப்பவன் பிட்டுத் தின்பதைப் பார்த்துத் தானும் பிட்டுக்கொள்ளும்.

"எனக்கு அதுவே போதும்" என்று இனி எழுதாதே, சொல்லவும் சொல்லாதே. போதாது. மிச்சத்தைத் தின்பதும் கடைசியில் தின்பதும் நல்ல தாயின் லட்சணம் என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் பெண்களை வளர்த்துவிட்டார்கள். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். நாற்பது வயதில் நான்கு படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். அதைத் தியாகம் என்று பெருமை பேச எனக்கு மனம் வருவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு. அம்மாவின் தட்டு காலியாக இருக்கும் வீட்டில் பிள்ளையின் தட்டு மட்டும் எப்படி நிறையும்?

இப்போது புரதக் கணக்குக்கு வருவோம். 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 12, 13 கிராம் புரதம் இருந்தால் போதும். உன் வீட்டு டம்ளர் 150 மில்லி என்று வைத்துக்கொள். நான்கு டம்ளர் 600, பாட்டில் 200, ஆக 800 மில்லி. 100 மில்லி பாலில் 3 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. அப்படியானால் பாலிலேயே 24 கிராமுக்கு மேல் போய்விடுகிறது, தேவையைப் போல இரண்டு மடங்கு. தயிரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இவனுக்கு எதற்கு 900 ரூபாயில் பவுடர்? டப்பாவைத் திருப்பி, 100 கிராமில் சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துப் பார். அந்தப் பணத்துக்கு மூன்று மாதம் தினமும் ஒரு முட்டை வாங்கலாம்.

அவனுக்கு இல்லாதது பசி. ஒரு நாளைக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய பாதியைப் பாலிலேயே குடித்துவிடுகிறான். நடுவில் பிஸ்கட் வேறு. வயிறு நிறைந்தவனைப் பிடித்து வைத்து ஒரு மணி நேரம் ஊட்டினால் அவன் நாக்கால் தள்ளாமல் என்ன செய்வான்? இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை. பாலில் இரும்புச்சத்து கிடையாது என்றே சொல்லலாம். மற்ற சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் அதிகப் பால் தடுக்கும். இரும்புச்சத்து குறைந்தால் பசி மந்தமாகும். பசி மந்தமானால் நீ இன்னும் ஒரு டம்ளர் பால் கொடுப்பாய்.

நடு ராத்திரி பாட்டிலை இன்றோடு நிறுத்து. இரண்டு மூன்று ராத்திரி அழுவான், தட்டிக்கொடுத்துத் தூங்க வை, தண்ணீர் கொடு. பாலை வாயில் வைத்துக்கொண்டே தூங்கினால் முன்பற்கள் சொத்தையாகிப் போகும், அதற்காகவும்தான் சொல்கிறேன். பகலில் இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம். அதையும் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காதே. பிஸ்கட் பாக்கெட் வீட்டில் இருந்தால்தானே கேட்பான்.

அப்புறம், முட்டை. என் பேத்தியும் முதலில் தொட மாட்டாள். அவித்த முட்டையை நான்காக நறுக்கி, ஒரு துண்டை அவள் தட்டின் ஓரத்தில் வைப்பேன். மற்ற மூன்றையும் மிளகுத்தூள் தொட்டு நான் சாப்பிடுவேன். சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். முதல் நாள் தூக்கிப் போட்டாள். மூன்றாம் நாள் விரலால் அழுத்தினாள். மஞ்சள் கரு உதிர்ந்தது, அதைத் தரையில் தேய்த்து விளையாடினாள். துடைத்தேன். பத்து நாள் இருக்கும், தன் தட்டில் இருந்ததை விட்டுவிட்டு என் தட்டில் இருந்த துண்டை எடுத்தாள். நக்கினாள். முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள். நான் என் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தேன். இன்னொரு முறை நக்கினாள். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த வாரம் கால் முட்டை உள்ளே போனது.

ஒரு புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, சில நேரம் பதினைந்து தடவைகூட ஆகும். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம், அதுவும் அவன் காதுபட. இனி அவன் முன்னால் அந்தப் பேச்சு வேண்டாம். தயிர்சாதத்துக்குள் முட்டையை மறைத்து ஊட்டும் வேலையும் வேண்டாம். கண்டுபிடித்தான் என்றால் தயிர்சாதத்தையும் விட்டுவிடுவான். அதன் பக்கத்திலேயே நெய் விட்டு மசித்த பருப்புச் சாதம் ஒரு சின்ன உருண்டை வை, எல்லோரும் பார்க்க. அதே பருப்புச் சாதம் உன் தட்டிலும் இருக்கட்டும். மதியச் சாப்பாட்டில் முருங்கைக்கீரையோ, அசைவ வீடென்றால் நன்றாக வேகவைத்து மசித்த ஆட்டு ஈரலோ கொஞ்சம் இருக்கட்டும். இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து இன்னும் நன்றாகச் சேரும். அந்த வேளையில் பால் கிடையாது. பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் அரைத்துச் சட்னியாகவோ பொடியாகவோ கொடு. முழுக்கடலை மட்டும் கையில் கொடுத்துவிடாதே, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

என்ன சமைப்பது, எப்போது வைப்பது என்பது உன் பொறுப்பு. எவ்வளவு தின்பது என்பதை அவனிடம் விட்டுவிடு. முதல் பிறந்தநாளுக்குள் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகும் பிள்ளை, அடுத்த ஒரு வருடம் முழுக்க இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். சாப்பாடு குறையத்தான் செய்யும். இருபது நிமிடம் உட்கார்ந்தது போதும், தட்டை எடுத்துவிடு. பின்னாலேயே ஓடாதே.

மாமியாரை எதிரியாக்கி எழுதியிருக்கிறாய். பேரன் பட்டினி கிடக்கிறானே என்ற பதைப்பில்தான் அவர் போனை எடுக்கிறார், நீ பால் டம்ளரை எடுப்பது போலவே. போனைப் பார்க்கிற பிள்ளைக்கு வாயில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது, அதனால் அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் "போனைக் காட்டாதீர்கள்" என்று சொல்லி நிறுத்த முடியாது. "அத்தை, வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்று அவருக்கும் தட்டு போடு. யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு அவருக்கு எத்தனை வருடம் ஆயிற்றோ.

உன் கணவருக்கு இதைப் படித்துக் காட்டு. தம்பி, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாளில் ஒரு வேளை, டிவியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து மகனோடு சாப்பிடுவது அப்பாவின் கடமை. சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் அது தீர்ந்துவிடாது. ஷிப்ட் மாறினால் வேளையை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தட்டிலிருந்து அவன் அள்ளினால் அள்ளட்டும், சிந்தினால் சிந்தட்டும். உங்கள் மனைவி தட்டு போட்டு உட்காரும் வரை நீங்கள் கை வைக்காதீர்கள்.

மகளே, 11 கிலோ அந்த வயதுக்குச் சராசரியைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் இவ்வளவு பால் குடிக்கும் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது. இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் சாப்பாட்டை மட்டும் நம்பியிருக்காமல் டாக்டர் கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தை ஒழுங்காகக் கொடு. மண், சுண்ணாம்பு தின்கிறானா, எடை இறங்குகிறதா, கெட்டியாக எது கொடுத்தாலும் ஓங்கரிக்கிறானா, சாப்பிடுகிற இந்த மூன்றிலும் ஒன்றை நிறுத்துகிறானா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறானா என்பதையெல்லாம் கவனித்து டாக்டரிடம் மறைக்காமல் சொல். அப்படியே உன் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்துவிட்டு வா.

முடிவு வந்ததும் எனக்கு எழுது. அன்றைக்கு மதியம் உன் தட்டில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எழுது.