டேம்சல் இருக்கும் தொட்டியில் இன்னொரு மீன் விடாதீர்கள்

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கடல் நீர்த் தொட்டி வைத்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு கிளவுன் மீன், ஒரு நீல டேம்சல், ஒரு மூன்று கோடு டேம்சல், ஒரு க்ளீனர் இறால், மஷ்ரூம், ஸோவா, லெதர் கோரல் என்று கொஞ்சம் பவளங்கள் இருக்கின்றன. போன மாதம் ஒரு ஃபயர் ஃபிஷ்ஷும் ஒரு க்ளீனர் ராஸும் வாங்கினேன். ஃபயர் ஃபிஷ் ஐந்தாம் நாள் காலையில் தொட்டிக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்தது. ராஸ் மூன்று வாரத்தில் இளைத்துச் செத்தது. "இன்னும் நாலு டேம்சல் விடுங்க சார், கூட்டம் சேர்ந்தா சண்டை தணிஞ்சிடும்" என்கிறார் கடைக்காரர். எட்டு வயது மகள் சினிமாவில் வரும் அந்த நீல நிற டோரி மீன் கேட்கிறாள். எந்த மீன்கள் ஒத்துப்போகும்?

பதில்: மீன் பெயர்களை அப்புறம் சொல்கிறேன். அந்த ஃபயர் ஃபிஷ் ஏன் தரையில் கிடந்தது என்பது தெரியாமல் அடுத்த மீனை வாங்கினால், அதுவும் தரையில்தான் கிடக்கும்.

ஃபயர் ஃபிஷ் பயந்த சுபாவம் உள்ளது. ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு அதன் வாசலிலேயே நின்று, மிதந்து வரும் இரையைக் கொத்தும். யாராவது துரத்தினால் பொந்துக்குள் பாயும். பொந்தையும் மறித்துக்கொண்டால் மேலே பாயும். மேலே வலை இல்லையென்றால் வெளியே. உங்கள் தொட்டியில் மறித்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நீல டேம்சல். இரண்டு அங்குலம்கூட இருக்காது, ஆனால் ஏழு மாதமாக அந்தக் கற்கள் எல்லாம் தன்னுடையவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக வருகிற மீன் எதுவும் அதற்கு வீடு புகுந்த திருடன்தான்.

இதில் உங்கள் தவறு குறைவு. தொட்டி வைத்த முதல் வாரமே, "தண்ணி பழகணும், முதல்ல ரெண்டு டேம்சல் விடுங்க, சாகாது" என்று சொல்லித்தான் அவற்றை உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். இருபது வருடமாக இந்தத் தொழிலில் நான் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன வாக்கியம் இது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பெருக வேண்டும் என்பது உண்மை. அதற்கு உயிருள்ள மீன் எதற்கு? ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கும் வரை நான்கைந்து வாரம் பொறுத்தால் போதும். ஆனால் ஐந்து வாரம் பொறுக்கிற வாடிக்கையாளரால் கடையில் வியாபாரம் நடக்காது. மலிவு விலை டேம்சலை விற்றுவிட்டால், அது அடித்துக் கொல்கிற ஒவ்வொரு விலை உயர்ந்த மீனுக்கும் பதிலாக நீங்கள் மறுபடி அதே கடைக்குத்தான் வருவீர்கள்.

"கூட்டம் சேர்ந்தால் சண்டை தணியும்" என்பதும் முழுப் பொய் இல்லை, அதனால்தான் நம்பிவிடுகிறோம். ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்களை நன்னீர்த் தொட்டியில் வளர்ப்பவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். அடி ஒரே மீன்மேல் விழாமல் பல மீன்களுக்குப் பிரிந்துவிடும். அந்தத் தொட்டியில் பவளம் கிடையாது, வாரம் பாதித் தண்ணீர் மாற்றலாம், உப்புக்குக் காசு கிடையாது. உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 250 லிட்டர். கல்லும் மணலும் போக மிஞ்சுவது 200. அதில் ஆறு டேம்சல் என்றால் நைட்ரேட், பாஸ்பேட் ஏறி, பாசி படர்ந்து, உங்கள் ஸோவா சுருங்கி மூடிக்கொள்ளும். மூன்று கோடு டேம்சல் நான்கு அங்குலம் வரை வளரக்கூடியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே முதல் வேலை, இரண்டு டேம்சலையும் வெளியே எடுப்பது. வலையைப் போட்டுத் துரத்தினால் நடக்காது, கல்லெல்லாம் சரிந்து பவளம்தான் உடையும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுங்கள். தோள் பகுதியோடு மேற்புறத்தை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, வாய் உள்ளே பார்க்கிற மாதிரி தலைகீழாகச் செருகுங்கள். ஒரு சிறு கல்லை உள்ளே போட்டால் மூழ்கி நிற்கும். ஒரு நாள் தீனி போடாமல் பட்டினி வைத்து, பாட்டிலுக்குள் மட்டும் இரண்டு துண்டு உறைந்த இறாலைப் போட்டு, டேம்சல் சுற்றுகிற இடத்தில் வையுங்கள். முதல் நாள் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வாய் வழியாக உள்ளே போய்விடும், திரும்பி வரத் தெரியாது. பக்கத்திலேயே இருங்கள், கிளவுன் புகுந்துவிட்டால் உடனே விட வேண்டும். பிடித்ததைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பணம் வராவிட்டாலும் பரவாயில்லை. ராமேஸ்வரம் போகிறவர் கையில் கொடுத்துக் கடலில் விடச் சொல்லாதீர்கள். கடைத்தொட்டி நோயைக் கடலுக்குக் கொண்டுபோவதுதான் அது.

ராஸ் விஷயம் வேறு. அதை யாரும் அடிக்கவில்லை, பட்டினியில் செத்தது. கடலில் அதன் பிழைப்பே வரிசையில் வந்து நிற்கும் பெரிய மீன்களின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்பது. உங்கள் வீட்டில் நான்கு சின்ன மீன்களை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? "நோய் வராது சார், இது டாக்டர்" என்று விற்பார்கள். வாங்காதீர்கள்.

டேம்சல் போன பிறகு கற்களைக் கொஞ்சம் இடம் மாற்றி அடுக்குங்கள். கிளவுன்களும் இந்த ஏழு மாதத்தில் ஒரு மூலையைச் சொந்தமாக்கிக்கொண்டிருக்கும். இடம் மாறினால் எல்லோருக்கும் அது புது வீடு. மேலே மெல்லிய வலை மூடி கட்டாயம். கண்ணாடி மூடி வேண்டாம், மதுரை வெயிலில் தண்ணீர் சூடேறும். இரண்டு வாரம் கழித்து மீன் வாங்கப் போகலாம்.

வரிசை முக்கியம். சாது முதலில், முரடு கடைசியில். ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே தீனி உள்ள இரண்டு மீன் வேண்டாம். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது. முதலில் மறுபடி ஒரு ஃபயர் ஃபிஷ், ஒன்றே ஒன்று. அதோடு ஒரு வாட்ச்மேன் கோபியும் ஒரு பிஸ்டல் இறாலும் சேர்த்து வாங்குங்கள். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது மணலில் வளை தோண்டிக்கொண்டே இருக்க, கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் தன் மீசை ஒன்றைக் கோபியின் உடம்பில் தொட்டபடிதான் வெளியே வரும். கோபி வாலை ஆட்டினால் இரண்டும் உள்ளே. ஃபயர் ஃபிஷ் நடுத் தண்ணீர், கோபி தரை, கிளவுன் தன் மூலை. மூவருக்கும் தகராறு செய்யக் காரணமே இல்லை.

மூன்றாவதாக ஒரு கிளவுன், அதுவும் கறுப்பு நிறத்தில், "ஜோடிக்கு ஜோடி" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். கிளவுன் எல்லாம் ஆணாகவே பிறக்கும். பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் துணை. உங்கள் இரண்டும் இந்நேரம் ஜோடி சேர்ந்திருக்கும். மூன்றாவதை மூலையில் ஒடுக்கிக் கொன்றுவிடும். லயன் ஃபிஷ் வாயில் நுழைகிற எதையும் விழுங்கும், டிரிகர் உங்கள் இறாலைத் தின்னும், பட்டாம்பூச்சி மீன் பவளத்தைக் கொறிக்கும், மாண்டரின் ஏழு மாதத் தொட்டியில் பட்டினி கிடக்கும். இவற்றைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

ட்வார்ஃப் ஏஞ்சல் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் உங்கள் கண் அதன்மேல்தான் விழும். கோரல் ப்யூட்டி என்ற ஊதா, ஆரஞ்சு நிறக் குள்ள ஏஞ்சல். பவளத் தொட்டியில் விடலாமா என்று பத்துப் பேரைக் கேட்டால் ஐந்து பேர் விடலாம் என்பார்கள், ஐந்து பேர் கூடாது என்பார்கள். இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இது இனத்தைப் பொறுத்த விஷயம் இல்லை, தனித்தனி மீனைப் பொறுத்தது. நான் பராமரிக்கும் ஒரு தொட்டியில் ஒரு கோரல் ப்யூட்டி நாலு வருடமாகப் பாசியை மட்டுமே கொறித்துக்கொண்டிருக்கிறது. அதே கடையில், அதே வாரம், அதே தொட்டியிலிருந்து வாங்கிய இன்னொன்று பத்தே நாளில் ஒரு கொத்து ஸோவாவை மொட்டையடித்தது. உங்களிடம் இருக்கும் லெதர் கோரலை அது பெரும்பாலும் தொடாது, மஷ்ரூமும் தப்பிக்கும், ஸோவாவுக்குத்தான் ஆபத்து. ஆசை விடவில்லையென்றால் எல்லா மீனுக்கும் கடைசியாக, ஒன்றே ஒன்று விடுங்கள். கல்லில் பாசி இருக்கட்டும், சுத்தம் செய்கிறேன் என்று தேய்த்துவிடாதீர்கள். நாளைக்கு மூன்று வேளை, கடற்பாசித் தாள் சேர்த்துத் தீனி போடுங்கள். தினமும் மாலையில் ஐந்து நிமிடம் ஸோவாவைப் பாருங்கள். விளக்கு எரியும்போது பக்கத்துக் கொத்து விரிந்திருக்க ஒன்று மட்டும் மூடியே இருந்தால், மூன்று நாள் தொடர்ந்து அப்படி இருந்தால், ஏஞ்சல் கொறிக்கிறது. இருக்கவே இருக்கிறது அந்த பாட்டில். பிடிக்க மனம் வராது என்று இப்போதே தோன்றினால் வாங்கவே வேண்டாம்.

டோரிக்கு வருகிறேன். கடையில் இரண்டு அங்குலக் குட்டியாக இருக்கும். "இத்துனூண்டுதான் சார், வளர்ந்தா பாத்துக்கலாம்" என்பார்கள். வளர்ந்தால் ஓர் அடி வரை போகும். நாளெல்லாம் நீளமாக நீந்துகிற மீன், நான்கடித் தொட்டியில் இந்தக் கண்ணாடிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் முட்டி முட்டித் திரும்பும். அந்த மன உளைச்சலில் வெள்ளைப் புள்ளி நோய் முதலில் அதற்குத்தான் வரும், பிறகு கிளவுனுக்கு. அந்த நோய்க்குத் தாமிர மருந்து இருக்கிறது, ஆனால் அதை இந்தத் தொட்டியில் ஊற்றினால் இறாலும் பவளமும் போய்விடும். இன்னொன்று. 2016-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டோரியை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். ஆனாலும் நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் கடலில் பிடித்ததுதான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சோடியம் சயனைடு கரைசலைப் பவளப் பொந்துக்குள் பீய்ச்சி, மயங்கும் மீனைப் பிடிக்கிற கொடுமை 1960-களில் தொடங்கியது, இன்னும் ஒழிந்தபாடில்லை. அப்படிப் பிடித்த மீன் பளபளவென்று இருக்கும், சாப்பிடக்கூடச் சாப்பிடும், சில வாரங்களில் காரணமே தெரியாமல் செத்துப்போகும். நீங்கள் உங்கள் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த மீன் எங்கே பிடித்தது, எப்படிப் பிடித்தது, என்ன இனம் என்று ஒரு துண்டுச் சீட்டு எந்தக் கடைத் தொட்டியிலாவது பார்த்திருக்கிறீர்களா? எழுத வேண்டும் என்று வற்புறுத்துவார் இல்லை. 2017 மே மாதம் மத்திய அரசு வண்ணமீன் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. 158 வகைகளை விற்கக் கூடாது என்ற பட்டியலில் கிளவுனையும் சேர்த்தது. அந்தக் கிளவுனைக் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை, அதே அரசின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் உட்கார்ந்து உருவாக்கி, ஊர் மக்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது! பிறகு விதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். போனது போகட்டும், பண்ணையில் பொரித்தது எது, கடலில் பிடித்தது எது என்று எழுதிவைக்கச் சொல்லும் ஒரே ஒரு உருப்படியான விதியையாவது கொண்டுவந்திருக்கலாம்.

அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்ஆப் தரகர்கள் நுழைகிறார்கள். "கடல் குதிரை இருக்கு சார், சாது, சண்டையே போடாது, ராமேஸ்வரம் மால்" என்று படம் அனுப்புவார்கள். கூடவே உயிர்ப் பவளம் ஒட்டிய கல்லும் தருவதாகச் சொல்வார்கள். கடல் குதிரையையும் கல் பவளங்களையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். புலிக்குத் தந்த அதே பாதுகாப்பு. மீறினால் சிறை உண்டு. பிடிபட்டால் தரகரின் நம்பர் அணைந்துவிடும், தொட்டி உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும்.

கடையில் மீனைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று செய்யுங்கள். "தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். சாப்பிடாத மீன் வேண்டாம். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டிப்போயிருந்தால், செவுள் படபடவென்று அடித்துக்கொண்டால் வேண்டாம். தொட்டித் தண்ணீரின் உப்படர்த்தியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உப்புச் செலவை மிச்சப்படுத்த 1.018-ல் வைத்திருப்பார்கள், உங்களுடையது 1.025 இருக்கும். நேராக விட்டால் மீன் தாங்காது. ஓரமாக இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்து, பிவிசி குழாய்த் துண்டு இரண்டைப் போட்டு, அதில் நான்கு வாரம் வைத்து உப்பை மெல்ல ஏற்றிய பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

மகளுக்கு டோரிக்குப் பதில் பங்காய் கார்டினல் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் மீன், அதிகம் பிடித்துப் பிடித்து அங்கே அருகிவிட்டது. அதனால் பண்ணையில் வளர்த்தது என்று கடைக்காரர் உறுதி சொன்னால் மட்டும். கண்ணெதிரே ஒட்டி நிற்கும் இரண்டைப் பார்த்து எடுங்கள், இரண்டும் ஆணாகப் போனால் அடித்துக்கொள்ளும். அத்தோடு கணக்கு முடிந்தது, ஏஞ்சலைச் சேர்த்தாலும் ஏழு மீன், அதற்கு மேல் இந்தத் தொட்டி தாங்காது. சில மாதம் கழித்து ஒரு நாள் ஆண் மீன் தீனிக்கு வராமல், தாடை உப்பி ஒதுங்கி நிற்கும். நோய் என்று பயப்படாதீர்கள். பெண் இட்ட முட்டைகளை வாய்க்குள் வாங்கி அடைகாக்கிறது. ஏறக்குறைய மூன்று வாரம் ஒன்றும் தின்னாது, பொரித்த பிறகும் சில நாள் குஞ்சுகளை வாயிலேயே வைத்திருக்கும். அந்த நாட்களில் இரவு விளக்கணைப்பதற்கு முன் மகளை ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். அது அவ்வப்போது வாயை லேசாகத் திறந்து முட்டைகளைப் புரட்டிவிட்டு மூடுவதைப் பார்க்கலாம்.