காலப்பயணமும் இணை அண்டங்களும்: கேள்வி பதில்

கே: காலப்பயணம் முடியுமா சார்?

முன்னோக்கியா, பின்னோக்கியா? இதைப் பிரிக்காமல் கேட்டால் எந்தப் பதிலும் குழப்பும். முன்னோக்கிப் போவது அளந்து பார்த்த விஷயம். வேகமாக நகர்ந்தால் காலம் மெதுவாகும், ஈர்ப்பு குறைந்தால் விரைவாகும்; காலம் மெதுவாக ஓடியவர் திரும்பினால், மற்றவர்களின் எதிர்காலத்தில் இறங்குவார். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ நொடி பின்தங்கும். பூமியின் ஈர்ப்பிலிருந்து விலகியிருப்பதால் 45 முந்தும். நிகரம் 38 முந்தல். அதற்குள் ஒளி 11 கி.மீ. ஓடிவிடும். சிக்னல் வரும் நேரத்தை வைத்தே ஜி.பி.எஸ். தூரத்தைக் கணிப்பதால் இந்தப் பிழையை விட்டுவைக்க முடியாது. அதனால்தான் 10.23 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை, ஏவும் முன்பே 10.22999999543-க்குக் குறைத்து வைக்கிறார்கள்.

கே: கடந்த காலத்துக்குப் போய்த் தாத்தாவைக் கொன்றால், நான் பிறந்திருக்கவே மாட்டேனே?

பின்னோக்கிப் போகக் கணக்கு உண்டு, கருவி இல்லை. 1949-இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குக் கணித அறிஞர் கோடெல் கண்ட தீர்வில், சுழலும் அண்டத்தில் ஒரு பாதை புறப்பட்ட கணத்துக்கே திரும்பும். நம் அண்டம் அப்படிச் சுழல்வதாக எந்த அளவீடும் காட்டவில்லை.

கே: கடிகாரம் மெதுவானால் காலமே மெதுவாகிவிடுமா? குளிரிலும்தான் கடிகாரம் தடுமாறும்.

கேட்க வேண்டிய கேள்வி. கோளாறு என்றால் கருவிக்குக் கருவி மாறும். 1971-இல் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் உலகம் சுற்றவைத்தார்கள். கிழக்கே போனபோது 59 நானோ நொடி இழந்தன. மேற்கே 273 கூடின. குளிருக்குக் கிழக்கு மேற்கு ஏது?

கே: விடமாட்டேன். விமானத்தின் அதிர்வு?

சரி, கடிகாரத்தையே விடுங்கள். வளிமண்டலத்தில் சுமார் 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் மியூவான் என்ற நுண்துகளுக்குச் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளிவேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தான். ஆனால் தரையில் ஏராளமாகப் பிடிபடுகிறது; வேகத்தால் அதன் ஆயுள் நமக்கு நீண்டு தெரிகிறது. அதனுள் கம்பிச்சுருளும் இல்லை, படிகமும் இல்லை. அணுக்கடிகாரமும் மியூவானும் ஒரே சார்பியல் சூத்திரத்துக்குக் கட்டுப்படும்போது, மாறுவதைக் காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கே: காலப்பயணம் சாத்தியமா?

முதல் பதிலைப் படியுங்கள். முன்னோக்கியா, பின்னோக்கியா?

கே: இணை அண்டத்துக்கு வழி?

அமெரிக்க இயற்பியலாளர் எவரெட் 1957-இல் முன்வைத்த விளக்கத்தில் குவாண்டம் நிலை (நுண்துகள்களின் நிலையைச் சொல்லும் கணக்கு) கிளைபிரிகிறது; ஒவ்வொரு கிளையும் ஓர் இணை அண்டம் போல. அதன் சமன்பாடு நேரியல், அதாவது கிளைகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே ஓடும் என்பதால் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குச் செய்தி அனுப்ப முடியாது. அங்கே போக வாசல் கிடையாது.

கே: கனவில் வேறு வாழ்க்கை வாழ்கிறேன். அது இணை அண்டமா?

இல்லை. தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கே: நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை முந்தியதாமே?

தலைப்பை நம்பாதீர்கள், அளந்த விதத்தைப் பாருங்கள். 2011-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலிக்கு, 730 கி.மீ. தூரத்தில், 60 நானோ நொடி முந்தியதாக வந்தது. முக்கியக் காரணம், ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழை கேபிளின் இணைப்பு முழுதாகத் திருகப்படவில்லை.