பழைய எதிரியோடு கடைசியாக ஒரு மோதல்: கேள்வி பதில்

வயதான குத்துச்சண்டை வீரர்கள், நீண்ட ஓய்வு, கடைசி மோதல் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், வயசா ஓய்வா, எது முதல்ல ஆளைக் கவிழ்க்கும்?

ஓய்வுதான் என்பேன். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 2011-ல் ஜான் பாஸ்கலை வென்று பட்டம் எடுத்தபோது வயது 46. சண்டை இல்லாத மாதங்களிலும் எடையை ஏறவிடாத மனிதர் அவர். 1980-ல் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸை எதிர்த்த முகமது அலிக்கோ 38தான். ஆனால் அதற்கு முன் 2 ஆண்டுகள் சண்டையே இல்லை. ஏறிய எடையை அவசரமாகக் குறைத்தார்; தைராய்டு மாத்திரை வேறு சாப்பிட்டார். பார்வைக்கு இளமைக்கால அலி, உள்ளே தெம்பு இல்லை. 10 ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்திவிட்டார்.

கேள்வி: தினமும் ஜிம்முக்குப் போறவருக்குமா துரு பிடிக்கும்?

பிடிக்கும். போவது தசை அல்ல, தூரக்கணக்கு. எதிராளியின் கை நம்மை எட்டுமா எட்டாதா என்று கண் போடுகிற கணக்கு அது. தொங்கும் பயிற்சிப் பையைக் குத்தி அதைக் காப்பாற்ற முடியாது, பை திருப்பி அடிக்காதே! ஸ்பாரிங், அதாவது இன்னொருவரோடு பயிற்சிச் சண்டை, கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அங்கே தலைக்கவசம் இருக்கும், பயம் இருக்காது. ஜார்ஜ் ஃபோர்மன் இதைப் புரிந்துகொண்டவர். 10 ஆண்டு இடைவெளிக்குப் பின் 1987-ல் திரும்பி வந்து, பட்டத்துக்கு மோதுவதற்கு முன் இருபதுக்கும் மேற்பட்ட சண்டைகள் போட்டார். 1994-ல், 45 வயதில், புள்ளிகளில் பின்தங்கியிருந்தும் சாம்பியன் மைக்கேல் மூரரை 10-வது ரவுண்டில் ஒரே வலக்கைக் குத்தில் சாய்த்தார். கால் முதலில் போகும், குத்தின் பலம் கடைசியில்தான் போகும்.

கேள்வி: அப்போ லெனார்ட் ஹாக்லரை எப்படி ஜெயிச்சார் அண்ணா?

சுகர் ரே லெனார்டுக்கு 5 ஆண்டுகளில் ஒரே ஒரு சண்டை, பிறகு 1987-ல் நேராக சாம்பியன் மார்வின் ஹாக்லர். ஆனால் அவருக்கு அப்போது 30 வயதுதான். 15 ரவுண்டை 12 ஆக்கினார், ரிங்கைப் பெரிதாகக் கேட்டார். பாதிச் சண்டையை ஒப்பந்தத்திலேயே ஜெயித்துவிட்டார் எனலாம். ஹாக்லரும் ஓராண்டுக்கு மேல் ரிங்கில் இறங்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நடுவர்களின் தீர்ப்பே 2-1 தான்.

கேள்வி: தள்ளிப்போன மோதல் எதுவாவது தேறியிருக்கா?

பணமாகத் தேறும். மேவெதர், பாக்கியாவ் சண்டை 2009 முதல் பேசப்பட்டு 2015-ல் நடந்தது. ஒருவருக்கு 38, மற்றவருக்கு 36. அமெரிக்காவில் மட்டும் டிவியில் காசு கட்டிப் பார்க்கும் இணைப்புகள் 46 லட்சம் விற்றன. சண்டை? எனக்குக் கொட்டாவிதான் வந்தது. ராய் ஜோன்ஸும் ஹாப்கின்ஸும் 1993-ல் முதல் முறை மோதிவிட்டு 17 ஆண்டு கழித்து மறுபடி மோதியது அதைவிட மோசம்.

கேள்வி: போதும்னு யார் சொல்லணும்? வீரரேவா?

அவர் சொல்ல மாட்டார், அதுவும் எதிரே நிற்பது பழைய எதிரி என்றால். 1975-ல் மணிலாவில் அலியோடு மூன்றாம் முறை மோதிய ஜோ ஃப்ரேசியர், கண் வீங்கி மூடிய நிலையிலும் கடைசி ரவுண்டுக்கு எழப் பார்த்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. அன்று அலிக்கு 33, ஃப்ரேசியருக்கு 31. இருவருமே அதற்குப் பிறகு பழைய ஆளாகத் திரும்பவில்லை.